ஆறாவது கம்பியின் காடி

பல்லுக்காரர் என்றதும் பல் பிடுங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிடுங்குவது முன்னறையில் இருக்கிற டாக்டரம்மாவின் வேலை. பிடுங்கினபின் வாயில் விழுகிற ஓட்டைக்கு வழி செய்வதுதான் நம்முடைய பல்லுக்காரரின் வேலை. பின்னறை அவருடையது. ஒற்றை ஜன்னல், தலைக்கு மேலே ஒரு குழல் விளக்கு, சுவரோடு ஒட்டின நீள மேஜை. மேஜை நெடுக யார் யாருடைய வாயோ வெள்ளை மாவு அச்சாக, ஏதோ சொல்ல வந்து மறந்துபோன மாதிரி பாதி திறந்தபடி உட்கார்ந்திருக்கும். அந்த வாய்களுக்கு நடுவில்தான் அவர் தம் மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொள்வார்.

அவருக்கே கீழ்வரிசையில் இரண்டு பல் கிடையாது.

"ஊரார் வாய்க்கெல்லாம் வேலி கட்டுறீங்க, உங்க வாயில மட்டும் கேட்டு தொறந்தே கிடக்கு" என்பாள் அவர் மனைவி.

"காத்து வரட்டும்னு விட்டிருக்கேன்" என்பார் அவர்.

சிரித்த முகம்தான். தம்பி போனபிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வர ஆரம்பித்திருந்தது. யாராவது ஒன்று சொன்னால், அது காதில் விழுந்து, உள்ளே போய், யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வருகிற மாதிரி.

தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருந்தவன். பகலெல்லாம் எண்ணெய்க் கை, சாயங்காலமானால் கிட்டார். கல்லூரி விழாவோ, கல்யாண வரவேற்போ, யார் கூப்பிட்டாலும் பாட்டுக்குழுவோடு கிளம்பிவிடுவான். மழைக்காலம் தொடங்கின சமயம், ஒருநாள் காலையில் பாதி டீயோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். மனிதர்கள் போவதற்கு அதைவிடப் பெரிதாக ஒன்றும் நடக்கவேண்டியதில்லை போலிருக்கிறது.

மழை போய் வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தம்பியின் மகள் பின்னறைக்கு வந்தாள். கல்லூரிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, கைக்குட்டை ஒன்றைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே மஞ்சளேறின இரண்டு துண்டு. இரண்டையும் சேர்த்தால் சுண்டுவிரலில் பாதி நீளம் தேறும்.

பல்லுக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "யாருதும்மா இது? சிகரெட் குடிக்கிறவர் பல்லு கணக்கா இருக்கு."

"அப்பாவோடது."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா கிட்டாரோடது, பெரியப்பா. பயந்துட்டீங்களா? இதுக்கு நட்னு பேரு." அவள் விரலால் காற்றில் ஒரு கழுத்தை வரைந்து காட்டினாள். "கிட்டாரோட கழுத்து முடிஞ்சு தலை ஆரம்பிக்கிற இடத்துல குறுக்க இருக்கும். இதுல ஆறு காடி, சின்னச் சின்னப் பள்ளம், இருக்கு பாருங்க, ஆறு கம்பியும் இதுல உக்காந்துதான் மேல முறுக்குற சாவிக்குப் போகும். இது இல்லன்னா கம்பி நிக்காது. ஒட்ட முடியுமா?"

அவர் துண்டுகளை இடுக்கியால் எடுத்துச் சேர்த்துப் பார்த்தார். சேர்ந்தன. ஆனால் உடைந்த இடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருந்தது.

"ஒட்டலாம். நிக்காது. கம்பி இழுக்குற இழுப்புல மறுபடி விட்டுடும். கடையில புதுசு விக்குமே?"

"விக்குது. கிட்டார் ரிப்பேர் பண்ற தாடிக்கார அண்ணன் கடையில ஒரு டப்பா நிறைய வச்சிருக்கார். வேணாம். அது வேற யாரோ மாதிரி இருக்கு." கைக்குட்டையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள். "அப்பா வாசிச்சப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்."

அது எப்படி உடைந்தது என்பது அவருக்குத் தெரியும். மனைவி வழியாக வந்த செய்தி. தம்பி உயிரோடு இருந்தவரை கிட்டார் கூடத்து மூலையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கும். அவன் போனபிறகும் அங்கேயேதான் நின்றது. ஒருநாள் மகள் கல்லூரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தாய் அதைத் தூக்கிப் பீரோமேல் வைக்கப் போனாள். கை தவறிவிட்டது. தலைகீழாக வந்து தரையில் மோதியது. சாயங்காலம் வந்த மகள், "வேணும்னே போட்டு உடைச்சிருக்க" என்றாள். தாய் 'இல்லடி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் சுவரோடுதான் பேசிக்கொண்டார்கள். 'சாப்பாடு மேஜைல இருக்கு' என்று தாய் சுவரிடம் சொல்வாள். 'தெரியும்' என்று மகள் இன்னொரு சுவருக்குச் சொல்வாள்.

பல்லுக்காரருக்குப் பிள்ளை கிடையாது. தம்பிக்கென்று அவர் செய்யவேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால், அந்த இரண்டு பெண்களையும் முகத்தைப் பார்த்துப் பேசவைப்பதுதான். அது எப்படி என்றுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. சமாதானம் பேசுகிற வாய் அவருக்கில்லை. கை மட்டும்தான் இருந்தது.

"அப்படியே செஞ்சு குடுத்தா அம்மாகிட்ட பேசுவியா?" என்று கேட்டார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "மொதல்ல செய்ங்க பெரியப்பா. பாக்கலாம்."

அது போதும் அவருக்கு.

அன்று டாக்டரம்மா போனபிறகு, ஒரு கிழவருடைய மேல்வரிசையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். இதில் அவருக்கு ஒரு வழக்கமான முறை இருந்தது, அதைச் சொல்லியாகவேண்டும். வயதானவர்கள் பல் செட் தேய்ந்து புதிதாகக் கட்ட வருவார்கள். அழகாக, கூர்மையாக, கணக்குப்படி ஒன்று செய்து கொடுத்தால் அடுத்த வாரமே கைக்குட்டையில் முடிந்து திரும்பக் கொண்டுவருவார்கள். 'இது என் பல்லு இல்லய்யா, யாரோ என் வாயில உக்காந்து பேசுறாப்பல இருக்கு' என்பார்கள். அதற்காகத்தான் பழைய செட்டையே அச்செடுத்து, எந்தப் பக்கம் மென்று மென்று மழுங்கியதோ அந்த மழுங்கல்கூட மாறாமல் வார்த்துக் கொடுப்பது. வாய்க்கு உடனே பழகிவிடும். புதுசு என்றே தெரியாது. அந்த வேலையில் பல்லுக்காரருக்கு நல்ல பெயர்.

நட்டையும் அப்படியே செய்தார். இரண்டு துண்டையும் மெழுகு வைத்துச் சேர்த்தார். உதிர்ந்த இடத்தை மட்டும் மெழுகால் நிரப்பிச் சமன் செய்தார். ஒரு சின்னக் கிண்ணத்தில் ரப்பர் பசையை ஊற்றி, அதில் அமுக்கி அச்செடுத்தார். பிறகு நிறம். பல் நிறம் பார்க்கிற பட்டைகளை விசிறிபோல விரித்து, பழைய துண்டின் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இளம் பிள்ளைகளின் வெள்ளை ஒத்துவரவில்லை. நடுவயதுக்காரர்களின் வெள்ளையும் ஒத்துவரவில்லை. கடைசியில் நாற்பது வருஷம் புகையும் டீயுமாக இருந்தவர்களுக்கு வைக்கிற மஞ்சள்தான் பொருந்தியது.

வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார்.

"நல்லவேள, ஈறு கலர்ல ரோசா நிறத்துல பண்ணாம விட்டீங்களே" என்றாள் அவள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழையதையும் புதியதையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் முகம் மாறிற்று. "எதுங்க பழசு?" என்று கேட்டாள்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி இருந்திருந்தால் அவனுக்குக் காட்டியிருப்பார்.

பூட்டுவதற்குப் புதுக் கம்பிகள் வேண்டும். மறுநாள் தாடிக்காரர் கடைக்குப் போனார். ஒடுக்கமான கடை. சுவர் நிறையக் கிட்டார்கள் தொங்கின. தாடிக்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு கழுத்தை வைத்து உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். பல்லுக்காரர் நட்டை எடுத்து நீட்டியதும் வேலையை நிறுத்திவிட்டார்.

"எங்க வாங்கினீங்க?"

"நான் செஞ்சது. பழசை அச்செடுத்து வார்த்தேன்."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பல்லு."

தாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. "வேலை சுத்தம். ஆனா இந்த ஆறாவது காடிய பாருங்க, தடிச்ச கம்பி உக்கார்றது. மத்ததைவிட ஆழமா இறங்கியிருக்கு. இதுல கம்பி தாழ உக்காந்துடும். விரல் வைக்காம சும்மா தட்டினா, கழுத்துல பதிச்சிருக்கிற முதல் பட்டைல உரசி அடிக்கும். ர்ர்ர்னு ஒரு சத்தம் வரும்."

"பழசுலயும் அப்படித்தான் இருந்துச்சு."

"பழசுல இருந்தா அது தேஞ்சதுங்க. தேஞ்சதையுமா காப்பி அடிப்பாங்க?"

"எங்க தொழில்ல அடிப்பாங்க" என்றார் பல்லுக்காரர்.

தாடிக்காரர் தலையைச் சாய்த்தார். "இது யார் கிட்டாருக்கு?"

சொன்னார். தாடிக்காரர் உப்புத்தாளை நான்காக மடித்தார். "லிஃப்ட்காரரா. ரெண்டு மூணு தடவ சொல்லியிருக்கேன் அவர்கிட்ட, வாங்க மாத்திடலாம்னு. அவருக்கு ஒரு பழக்கம், பாட்டு நடுவுலயே அந்தத் தடிச்ச கம்பிய தளர்த்திச் சுருதியக் கீழ இறக்குவாரு, அடுத்த பாட்டுக்கு முறுக்கி ஏத்துவாரு. அந்தக் கம்பிமேல இன்னொரு மெல்லிசு கம்பி சுத்தியிருக்கும், பாருங்க, அதுவே ஒரு அரம்தான். ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி, வருஷக்கணக்குல அவரே அறுத்துட்டாரு. மாத்த வாங்கன்னா, 'வண்டு இருந்துட்டுப் போகட்டும்யா, தொணைக்கு'ன்னுவாரு."

வண்டு! பல்லுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி வாசிக்கிறபோதெல்லாம் அடியில் ஒரு ரீங்காரம் வருமே. 'உன் கிட்டாருக்குள்ள வண்டு பூந்துருச்சுடா, மருந்து அடி' என்று அவர் கேலி செய்வாரே. அதுவும் ஏதோ வாசிப்பின் நுணுக்கம் போலும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"அடைச்சுச் சரி பண்ணித் தரவா?" என்றார் தாடிக்காரர்.

"ஐயோ வேணாம்" என்றார் பல்லுக்காரர். தீப்பட்டவர்போலக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

தாடிக்காரர் வாதாடவில்லை. கம்பிகளைக் கட்டிக் கொடுத்தார். பசை ரெண்டு பொட்டுக்குமேல் வைக்காதீர்கள், பின்னால் எடுக்க முடியாது என்றார். மூன்றாம் பட்டையில் கம்பியை அமுக்கிப் பிடித்தால் முதல் பட்டைக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்று நுழையவேண்டும், அதுதான் சரியான உயரம், உங்களுக்கு அது தேவைப்படாது, இருந்தாலும் சொல்கிறேன் என்றார்.

திரும்பி நடந்தபோது பல்லுக்காரர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒருவர் எந்தப் பக்கம் மென்றார், எதைக் கடித்தார், கோபத்தில் எப்படிப் பல்லை நறநறத்தார் என்பதெல்லாம் பல்லின் தேய்மானத்தில் இருக்கும். முகம் பார்க்காமலே அவர் ஆளைச் சொல்லிவிடுவார். அதுபோலத் தம்பியின் சாயங்காலங்கள் எல்லாம் அந்த மயிரிழைப் பள்ளத்தில் இருக்கின்றன. அவன் தேய்த்ததை அவர் ஒரு துளி விடாமல் எடுத்து வார்த்திருக்கிறார். அப்பா வாசிச்ச மாதிரியே வேணும் என்றாளே, இதோ. அன்று எதிரே வந்த சைக்கிள்காரன் 'பாத்துப் போங்க பெரியவரே' என்றதற்கு, வெகு நாளைக்குப் பிறகு, தாமதமில்லாமல் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். மனைவி வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"நானும் வந்தா ரெண்டு பேரும் என்கிட்டயே பேசித் தீத்துடுவாங்க. அவங்களுக்குள்ள பேச ஒண்ணும் மிச்சம் இருக்காது. நீங்க போங்க. உங்ககிட்டதான் யாராலயும் நாலு வார்த்தைக்கு மேல பேச முடியாது."

தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். "வாங்க மாமா" என்றாள். கணவனின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இளைத்திருந்தாள். மகள் கூடத்துத் தரையில் ஒரு போர்வையை விரித்து, அதன்மேல் கிட்டாரைக் குழந்தையைக் குளிப்பாட்டக் கிடத்தின மாதிரி கிடத்தியிருந்தாள்.

"டீ போடுறேன் மாமா. அவளுக்கும் வேணுமான்னு கேளுங்க."

"வேணாம்னு சொல்லுங்க பெரியப்பா."

"நான் என்ன டெலிபோனா?" என்றார் பல்லுக்காரர். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு பேருமே சிரிக்காமலிருக்கக் கொஞ்சம் பாடுபட்டார்கள் என்பதை அவர் பார்த்துக்கொண்டார். தாய் சமையலறைக்குள் போனாள்.

அவர் பையைத் திறந்தார். அரம், ஊசிக்கத்தி, இடுக்கி, உப்புத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று பல் வார்க்கிற பொடியும் அதைக் கரைக்கிற திரவமும். கழுத்தின் முனையில், நட் இருந்த பள்ளத்தில் பழைய பசை சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் மரம் சிலாம்பாகப் பெயர்ந்திருந்தது.

"இந்தப் பக்கம் ஒட்டியிருந்த துண்ட எப்படிம்மா எடுத்த?"

"கொறடு வச்சுப் புடுங்கினேன்."

"டாக்டரம்மாகிட்ட வேலைக்குச் சேத்துவிடறேன்" என்றார். ஊசிக்கத்தியால் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். பள்ளத்தின் அடியைச் சமன் செய்தார். நட்டை வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தது. எடுத்து, ஒரு பக்கத்தை இரண்டு இழுப்பு உப்புத்தாளில் தேய்த்து மறுபடி வைத்தார். இப்போது விரலால் தள்ளினாலும் ஆடவில்லை. அடியில் இரண்டே பொட்டுப் பசை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்திருந்தவரை மகளும் மூச்சைப் பிடித்திருந்தாள்.

கம்பி பூட்டுவது அவளுக்குத் தெரிந்த வேலை. ஒவ்வொன்றாகக் கோத்து, காடியில் உட்கார்த்தி, சாவியை முறுக்கினாள். கைபேசியை முழங்காலில் வைத்துக்கொண்டு, அதில் சுருதி காட்டுகிற முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுருதி சேர்த்தாள். மெல்லியதிலிருந்து தொடங்கினாள். தடித்த கம்பி கடைசியாக வந்தது. அதையும் முறுக்கி நிறுத்தினாள். பிறகு அந்தத் தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

ட்ர்ர்ர்ம்ம்.

வண்டு வந்துவிட்டது. அதே வண்டு. கம்பியின் அடிவயிற்றில் ரீங்கரித்துக்கொண்டு, அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மகளின் வாய் திறந்தது. கண் இரண்டும் நிறைந்துவிட்டன.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டீங்களா? கை கழுவிட்டு உக்காருங்க, சூடு பண்ணிட்டேன்."

அந்தக் குரலில் அழுகை இல்லை, ஏக்கம் இல்லை, ஒன்றுமில்லை. வேலையாக இருக்கிற ஒருத்தி, தினமும் வருகிற ஒருவனுக்குச் சொல்கிற குரல். குழாயில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை.

மகள் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். வண்டு நின்றது.

"அப்பா வாசல்ல நுழைஞ்சதும், செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கம்பியத்தான் தட்டுவாரு பெரியப்பா" என்றாள் மெதுவாக. "வந்துட்டேன்னு வாயால சொன்னதே இல்ல."

அவருக்குத் தெரியாது. தம்பி வேலை விட்டு வருகிற நேரத்தில் அவர் ஒருநாளும் அந்த வீட்டில் இருந்ததில்லை. அண்ணன் தம்பி என்றால் எல்லாம் தெரிந்துவிடுமா? ஒருவன் தன் வீட்டுக்குள் எப்படி நுழைகிறான் என்பது அந்த வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் போர்வைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். குழாய் நிறுத்தப்படுகிற சத்தம் கேட்டது.

"அம்மா."

"ஒண்ணுமில்லடி. வெங்காயம்."

"எங்கம்மா வெங்காயம்? காணோமே."

தாய் பேச்சை மாற்றினாள். "நீ போய் வாசி. நல்லாத்தான் இருந்துச்சு."

"எங்க நல்லா இருந்துச்சு? ஒன் மொகத்தப் பாரு."

"பழகிடும்டி எனக்கு."

"ஒண்ணும் பழக வேணாம்."

"அப்பா மாதிரியே வேணும்னு நீதானே கேட்ட?"

"கேட்டேன்தான்."

பல்லுக்காரர் எழுந்து வாசல் பக்கம் போய்விடலாமா என்று நினைத்தார். உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டார்.

"நான் வேணும்னு போடலடி" என்றாள் தாய்.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டி இத்தன நாளா..."

"நீ இல்லன்னே சொல்லலியேம்மா. ஒரு தடவகூடச் சொல்லல."

"எப்படிச் சொல்லுவேன்?" தாயின் குரல் உடைந்தது. "தினமும் அந்த மூலைல நின்னுக்கிட்டு என்னையே பாக்குது. கண்ணுல படாம இருந்தா போதும்னுதான் தூக்கினேன். அது கை நழுவிக் கீழ விழுந்தப்ப, பாவி, ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியா இருந்துச்சுடி. நிம்மதியா இருந்துச்சு. அதுக்கப்புறம் எந்த வாயால இல்லன்னு சொல்றது?"

அதற்குப்பிறகு அங்கே பேச்சு இல்லை. இருந்ததெல்லாம் வேறு சத்தம். அதை அவர் கேட்கக்கூடாது என்று கேளாமலிருக்கப் பார்த்தார்.

இருவரும் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்கள். மகள் அம்மாவின் முந்தானையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் நினைத்தது நடந்துவிட்டது. பேசிவிட்டார்கள். நியாயமாக அவருக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும்.

"பெரியப்பா, அந்த வண்ட எடுத்துடுங்க" என்றாள் மகள்.

"வேணாம் மாமா" என்றாள் தாய். "இவ ஆசையா கேட்டது. அப்படியே இருக்கட்டும். மனுஷரே இல்ல, சத்தமாவது இருக்கட்டும்."

"எடுத்துடுங்க பெரியப்பா."

"இவ பேச்சக் கேக்காதீங்க மாமா."

"இப்பவும் நான் டெலிபோன்தானா?" என்று கேட்டார் அவர். இந்தத் தடவை மகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து கிட்டாரை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க தட்டுங்க."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். தடிச்ச கம்பிய ஒரு தட்டு."

அவர் ஆள்காட்டி விரலால், சூடான பாத்திரத்தைத் தொடுகிறவர் மாதிரி, கம்பியைச் சுண்டினார். ட்ர்ர்ர்ம்ம் என்றது. அதே வண்டு.

"பாத்தீங்களா, உங்களுக்கும் வருது" என்றாள் அவள். "அது அப்பா விரல்ல இருந்து வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவர் தட்டுறதாலதான் அப்படி வருதுன்னு. கம்பியக் கட்டி முடிச்சதும் நான் தட்டினேன், வந்துச்சு. ஐயோ, அப்பா கை எனக்கு வந்துருச்சுன்னு ஒரு நிமிஷம்..." நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அது பள்ளத்துல இருந்து வருது பெரியப்பா. யார் தட்டினாலும் வரும். பூனை மிதிச்சாகூட வரும். வர்றபோதெல்லாம் அம்மா அடுப்பு பக்கத்துல நின்னு ஏமாறணும். அதுக்கு எதுக்கு அது?"

தாய் மகளின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பல்லுக்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார். தேய்மானத்தைப் பற்றி, சாயங்காலங்களைப் பற்றி, ஒரு துளி விடாமல் எடுத்து வார்த்ததைப் பற்றி. பிறகு வாயை மூடிக்கொண்டார். பெண் சொல்வதில் எந்த இடத்தில் தப்பு என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"அந்தக் கம்பிய மட்டும் தளர்த்தும்மா" என்றார்.

அவள் சாவியைத் திருகித் தளர்த்தினாள். அவர் கம்பியைக் காடியிலிருந்து எடுத்து ஓரமாக ஒதுக்கினார். சின்ன மூடியில் பொடியைக் கொட்டித் திரவத்தை இரண்டு சொட்டு விட்டார். மூக்கைத் துளைக்கிற வாடை எழுந்தது. தாய் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். சொத்தைப் பல்லை அடைக்கிற அதே வேலைதான். தூரிகை நுனியில் ஒரு மணி எடுத்து, ஆறாவது காடியின் அடியில் வைத்தார். பள்ளம் நிறைந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வருஷக்கணக்காகத் தம்பி அறுத்த பள்ளம். ஒரு மணிதான் பிடித்தது.

அது இறுகும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாய் கொண்டுவந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

இறுகினபின் நகத்தால் தட்டிப் பார்த்தார். ஊசி அரத்தை எடுத்து, புதுக் காடி ஒன்றைப் போட ஆரம்பித்தார். இரண்டு இழுப்பு, கம்பியை வைத்துப் பார்ப்பது, எடுப்பது, இன்னும் ஒரு இழுப்பு. தூசியை ஊதினால் பறந்தது. மகள் கம்பியை முறுக்கி ஏற்றினாள். அவர் மூன்றாம் பட்டையில் கம்பியை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, தாடிக்காரர் சொன்ன மாதிரியே முதல் பட்டைக்கு மேலே ஒரு மெல்லிய தாளை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. காடி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கிவிட்டது. பொடியைக் கரைத்து இன்னொரு மணி வைத்தார், காத்திருந்தார், மறுபடி அறுத்தார். இந்தமுறை தாள் நுழைந்தது. உராய்ந்துகொண்டு, ஆனால் நுழைந்தது.

"தட்டும்மா" என்றார்.

அவள் தட்டினாள். கம்பி நேராக, சுத்தமாக, நீளமாக ஒலித்தது. மணி அடித்து ஓய்கிற மாதிரி ஓய்ந்தது. அடியில் வண்டு இல்லை.

"நல்லா இருக்கு" என்றாள் தாய். அவள் மகளுக்கு எதிரே, தரையில், சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பல்லுக்காரர் தலையைச் சாய்த்துக் காதைக் கிட்டாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இன்னொரு தடவ."

தட்டினாள். சுத்தம்.

"இன்னொண்ணு. கொஞ்சம் பலமா."

பலமாகத் தட்டினாள். சுத்தமாகவே இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"இன்னும் ஒண்ணு."

"சரியாயிடுச்சே பெரியப்பா?"

"சரியாயிடுச்சுதான்" என்றார் அவர். "சும்மாதான்மா. ஒரே ஒரு தடவ."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவரைப் பார்த்தாள். அந்தச் சாய்த்த காதையும், கண்ணாடியில்லாத கண்ணையும், கையில் இன்னும் கீழே வைக்காத அரத்தையும் பார்த்தாள்.

"தட்டுடி" என்றாள் மகளிடம். "மாமா கேக்குறார் இல்ல."

மகள் தட்டினாள்.